ஆறு துறைக்கும் ஒத்துவந்த நேரம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்த ஒரே ஆள் கட்டக்காதான். மற்றவர்களெல்லாம் அதிருப்தி, மனவருத்தம், ஆழ்ந்த கவலை என்று கடிதத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நகல் நாலு பேருக்கு அனுப்புகிற ரகம். அந்தக் கடிதங்களை டைப் அடிக்கிறவன் நான். இருபது வருடமாக அடிக்கிறேன். அவற்றில் நிஜமான வருத்தம் ஒன்றுகூட இருந்ததில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன். வேறு யாரிடமாவது விட்டால் ஆண்டறிக்கையாக்கி, அக்காவைக் கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியலில் செருகிவிடுவார்கள்.

கட்டக்கா என்பது பட்டப்பெயர். அவருடைய வேலை கால அட்டவணை போடுவது. பதினொரு துறை, எண்பத்து நாலு அறை, வாரத்துக்கு ஐந்து நாள். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பெரிய தாளை விரித்து, கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, பென்சிலால் நிரப்புவார். எதிர் மேஜை என்னுடையது. அழிரப்பர் தூளை அவர் ஊதினால் என் மேஜையில்தான் வந்து விழும். நாற்பத்தாறு வயதாகிறது எனக்கு, இன்னும் "தம்பி, கொஞ்சம் தள்ளு" என்பார். தள்ளிக்கொள்வேன்.

அந்தத் தாளில் இருந்ததைவிட அவர் தலையில் இருந்தது அதிகம். வேதியியல் ஆய்வகத்தில் பதினொரு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வேகமாக வராது, அதனால் செய்முறை வகுப்பு காலையிலேயே முடிய வேண்டும். மொழித் துறைக்குப் பகுதிநேரமாக வருகிற டீச்சர் மூன்றரைக்குக் குழந்தைகள் காப்பகத்தில் நின்றாக வேண்டும். நூலகக் கட்டிடத்துக்கு ஒரே ஒரு மாடிப்படிதான், இரண்டு பெரிய வகுப்பை ஒரே நேரத்தில் விட்டால் எள் விழ இடமிருக்காது. இங்கே ஒரு வகுப்பை அரை மணி தள்ளினால் எங்கே போய் இடிக்கும், அந்த இடியால் மூன்றாவதாக யார் வந்து கத்துவார்கள் என்பதுவரை சொல்லிவிடுவார். இதற்கு ஒரு விஞ்ஞானம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு நல்ல ஞாபகசக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். அதுதான் வம்பு.

எங்கள் ஊழியர்கள் பாஷையில் அதற்குப் பேய் வகுப்பு என்று பெயர். இரண்டு பருவம் ஓர் அறை காலியாகக் கிடந்தால் அதை வேறு துறைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு விதி உண்டு. கொடுத்துவிட்டால் திரும்பி வராது. ஆகவே எல்லாத் துறையும் இல்லாத வகுப்பை, நடத்துகிறவர் துறைத்தலைவர் என்று போட்டு, இருப்பதாக எழுதிக் கொடுக்கும். சட்டத் துறையில் வியாழன் பத்து மணிக்கு 'பழங்கால ஒப்பந்தங்கள்' என்று ஒன்று. ஒன்பது வருடமாக ஒரு மாணவர்கூடச் சேரவில்லை, ஆனாலும் அது நடந்துகொண்டேயிருக்கிறது. பொருளாதாரத் துறைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு 'சிறப்புக் கருத்தரங்கு'. அதில் துறைத்தலைவர் ஒருவர்தான் கலந்துகொள்வார், அவரும் கண்ணை மூடிக்கொண்டு. இந்த வகுப்புகளின் கட்டத்தில் அக்கா ஓரமாக ஒரு சின்னப் புள்ளி வைப்பார். அவசரத்துக்கு வேறொரு நிஜ வகுப்பை அங்கே அனுப்பிவிடுவார். துறைக்குத் தெரியும், கேட்காது. அக்காவுக்கும் தெரியும், சொல்லமாட்டார். இந்தப் புள்ளிகளின் மேல்தான் மொத்தப் பல்கலைக்கழகமும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அமைப்பு அறிவியல் மையம் வந்தது. புதுக் கண்ணாடிக் கதவு, புது இயக்குநர். நல்ல மனிதர்தான், ஆனால் எந்தத் துறையையும் சேராதவர். அதனால் எந்தக் கூட்டத்திலும் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடையாது, சுவரில் சாய்ந்து நிற்பார். உலகத்தின் பெரிய சிக்கல்கள் எதுவும் ஒரு துறைக்குள் அடங்காது, ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் முடிச்சு விழும், ஆகவே எல்லாத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு படிப்பு வேண்டும் என்றார். சொன்னதில் தப்பே இல்லை. நீர்வளம், மருத்துவம், சட்டம், பொருளாதாரம், சமூகவியல், புள்ளியியல் என்று ஆறு துறைத்தலைவர்களும் பெயர் கொடுத்தார்கள். விளம்பரத் தாளில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 'எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்தது' என்று போட்டிருந்தது.

சேர்ந்தவர்கள் இருபத்தாறு பேர். எல்லோரும் வேலை பார்க்கிறவர்கள். கழிவுநீர் வாய்க்கால் மேற்பார்வையாளர், பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கிறவர், பள்ளிக்கூட டீச்சர், இப்படி. தெருத் தெருவாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுக்கிற ஒரு நர்ஸும் இருந்தாள். புதன், வியாழன் இரண்டு நாள் மட்டும் அவர்களை அலுவலகங்கள் படிக்க விட்டிருந்தன. அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு. படிப்பின் உயிர்நாடி கூட்டு அமர்வு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆறு தலைவர்களும் ஒரே அறையில், ஒரே பிரச்சினையின் முன்னால். பருவத்துக்குப் பத்து அமர்வு நடந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பருவம் செல்லாது. விதியை எழுதியவர்கள் அதே ஆறு பேர்தான்.

அந்த வருடம் அட்டவணையை அக்கா போடவில்லை. மையத்தின் கம்ப்யூட்டர் போட்டது. இயக்குநர் ஒரு படிவம் அனுப்பினார், துறைகள் தங்கள் வகுப்புகளை எழுதிக் கொடுத்தன, நான் அதை உள்ளே அடித்தேன். பேய்கள் ஒன்று விடாமல் அடித்தேன். அடிக்கும்போதே எனக்குத் தெரியும், என்ன நடக்கப்போகிறது என்றும் ஓரளவு தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, யாரும் கேட்காததைச் சொல்வது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். படிவத்தில் புள்ளி வைக்க இடம் இல்லை. கம்ப்யூட்டர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆறு தலைவர்களும் ஒன்றாக ஓய்வாக இருக்கும் நேரம் வாரத்தில் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டது. இயக்குநர் அதை நம்பினார். மனிதர்களின் சிக்கலை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், மனிதர்கள் படிவத்தில் பொய் எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு இன்னும் அதை நினைத்தால் ஆறவில்லை.

நாலாவது வாரம் நர்ஸ் எங்கள் அறைக்கு வந்தாள். சீருடையில் வந்திருந்தாள், கையில் ஒரு பெரிய காகிதச் சுருள்.

"அக்கா, டைம் டேபிள் போடறது நீங்கதானே?"

"போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப மெஷின் போடுது. அங்க போய்க் கேளு."

"அங்க கேட்டுட்டுதான் வர்றேன். நேரமே இல்லைங்கறாங்க. கூட்டு அமர்வு இன்னும் ஒண்ணுகூட நடக்கல. இந்த வருஷம் போச்சுன்னா என்னைத் திரும்ப விடமாட்டாங்கக்கா. எழுதியே கொடுத்திருக்காங்க."

அக்கா தலையை நிமிர்த்தாமல், "பட்டம் வாங்கி என்ன பண்ணப்போற? பிரமோஷனா?" என்றார்.

நர்ஸ் சுருளை அந்தப் பெரிய தாளின் மேலேயே விரித்தாள். கையால் வரைந்த வரைபடம். இருபத்து மூன்று தெரு, வீட்டுக்கு வீடு சிவப்புப் பேனாவால் எண்கள்.

"மூணு வருஷமா இதே இருபத்து மூணு தெருவுலதான் காய்ச்சல் வருது. பக்கத்துத் தெருவுக்குப் போகாது. கொசு மருந்து அடிக்கறோம், நிக்கல. போன வருஷம் ரெண்டு குழந்தை போயிடுச்சு. டாக்டரக் கேட்டா தண்ணிங்கறாரு, தண்ணி ஆபீஸுல கேட்டா குப்பைங்கறாங்க, குப்பைக்காரங்க ஜனங்க சரியில்லைங்கறாங்க. இவங்க அத்தனை பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு நான் கேக்கணும்கா. அதுக்குத்தான் சேர்ந்தேன். பட்டத்த நீங்களே வச்சுக்கங்க."

அக்கா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதன் அடியில் இருந்த தன் தாளைப் பார்த்தார். அவர் முகம் சிவந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நேரம் இல்லையாமா?" என்றார். "நேரம் இல்லையாமா இவங்களுக்கு!"

அன்று மாலை என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், பெரிய தாளை மடிக்காமல் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்றாவது மாடி வீடு. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக், ஆனால் அந்தக் கட்டிடத்தில் மட்டும் லிஃப்ட் ஓடாது. "என் கை பட்டா ஓடும், ஆனா இது வேற கம்பெனி. நான் தொடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்குக் கதவைத் திறந்தார். சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, அக்கா புள்ளி வைத்த கட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். நாற்பது வந்தது.

கணவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"கூட்டத்துல படிக்கப்போறேன்."

"உனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு ஒன்பது வருஷம் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. அந்த ஒன்பது வருஷமும் இந்தப் புள்ளிய வச்சுக்கிட்டே இருக்கணுமா? நான் மூடி மூடி வச்சதாலதானே இவங்க இவ்வளவு தைரியமா எழுதினாங்க? அந்த ரெண்டு குழந்தை போனதுல எனக்கும் பங்கு இருக்கு."

"உனக்கா? நீ பென்சில் பிடிக்கறவ."

"ஆமா, பென்சில்தான். அழிச்சிருக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சரி, படி. ஆனா சத்தமாப் படி. முணுமுணுத்துட்டு வந்து நிக்காத" என்றார்.

கல்விக்குழுக் கூட்டம் ஐந்தாவது வாரம். அக்காவுக்கு அதில் பேச உரிமை கிடையாது, அறை சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் பதில் சொல்லக் கதவோரம் நிற்க வேண்டும். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். கூட்டு அமர்வு பற்றிய பேச்சு வந்ததும் இயக்குநர் சுவரிலிருந்து முதுகை எடுத்து, பொதுவான நேரம் கிடைக்கவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். ஆறு தலைவர்களும் அதே வருத்தத்தோடு தலையாட்டினார்கள். புதுக் கட்டிடம் கேட்கலாம் என்றார் ஒருவர். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் சேர்க்கலாம் என்றார் இன்னொருவர்.

"நேரம் இருக்குங்க" என்றார் அக்கா.

பதிவாளர், "உங்களைக் கேட்கும்போது சொல்லுங்கம்மா" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா யாரும் கேக்கல சார். அதனால நானே சொல்லிடறேன்."

படிக்க ஆரம்பித்தார். துறை, நாள், மணி, அறை, கடைசியாக மாணவர் வந்த வருடம். முணுமுணுக்கவில்லை. 'பழங்கால ஒப்பந்தங்கள்' வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். 'சிறப்புக் கருத்தரங்கு' வந்தபோது பொருளாதாரத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டாவதில் சட்டத் தலைவர் எழுந்து இது அவதூறு என்றார். அக்கா பதின்மூன்றாவதைப் படித்தார். நாற்பதையும் முடித்துவிட்டு, "மெஷின் தப்பு பண்ணல. நீங்க எழுதிக் கொடுத்த பொய்ய அது சரியாக் கூட்டிச் சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி கதவோரம் போய் நின்றார்.

இயக்குநர் வெளியில் வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இத முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க படிவம்தானே சார் அனுப்பினீங்க? ஆளக் கேக்கலையே."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றார். அதற்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

இதற்குப் பிறகாவது தலைவர்கள் வெட்கப்பட்டு ஒரு மணியை விட்டுக்கொடுத்தார்கள் என்று நினைத்தால் உங்களுக்குப் பல்கலைக்கழகம் பழக்கமில்லை என்று அர்த்தம். மறுவாரமே நாற்பது பேய் வகுப்பும் உயிரோடு இருப்பதாக நிரூபிக்கக் கிளம்பிவிட்டார்கள். சட்டத் தலைவர் வியாழக்கிழமை பத்து மணிக்கு, கக்கத்தில் புத்தகத்தோடு பதினான்காம் எண் அறைக்குப் போனார். ஒருவரும் இல்லாத அறையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். பாதியில் எழுந்து கரும்பலகையில் ஏதோ எழுதவும் செய்தார். படித்த மனிதர், முடி நரைத்தவர், காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்துகிறார். பக்கத்துக் கட்டிடத்தில் இருபத்தாறு பேர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, ஓங்கி ஜன்னலை உடைக்க வேண்டும் போலவும் இருந்தது.

பிறகு ஆறு பேரும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். அலுவலக ரகசியத்தை வெளியிட்டது, மூத்தவர்களை அவமதித்தது, நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது. பல்கலைக்கழக வரலாற்றில் ஆறு துறை சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை அதுதான் என்று அக்கா சொன்னார். அதை டைப் அடித்தவன் நான். அடிக்கமாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எதிர் மேஜையில் அக்கா உட்கார்ந்திருக்க, அவர் மேலேயே புகார் அடித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு தப்பு விழுந்தபோது, "தம்பி, இந்தா ரப்பர்" என்று நீட்டினார். எனக்கு மானமே போயிற்று.

பதிவாளர் விசாரணைக் குழு அமைத்தார். புகார் கொடுத்த ஆறு பேரே குழுவிலும் இருந்தார்கள், துறைக்கு ஒருவர் வேண்டும் என்பது விதியாம். நாற்பது வகுப்பு, ஆகவே நாற்பது குற்றச்சாட்டு. ஓர் அமர்வுக்கு நாலு வீதம் பத்து அமர்வு. எந்த நாள், எந்த மணி தோது என்று ஆறு பேருக்கும் கேட்டு எழுதினார். நான் அடித்து அனுப்பினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆறு பதிலும் வந்துவிட்டன. புதன்கிழமை, மதியம் இரண்டு முதல் நான்கு வரை, எட்டாவது வாரத்திலிருந்து பருவம் முடியும்வரை, பத்து வாரமும் தங்களுக்கு வேறு வகுப்பு ஏதும் இல்லை என்று ஆறு பேரும் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நான் அந்தக் கடிதங்களை அக்காவின் தாளின் மேல் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். அழவில்லை.

"தம்பி, பருவம் எத்தனை வாரம்?"

"பதினேழு."

"ஏழு போயிடுச்சு. மீதி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து. அமர்வும் பத்து வேண்டும். அக்கா பென்சிலைச் சீவினார். புதன்கிழமை வரிசையில், இரண்டு முதல் நான்கு வரை உள்ள கட்டத்தில், விசாரணை நடக்கவிருந்த சின்னக் கூட்ட அரங்கின் எண்ணைப் போட்டு, அமைப்பு அறிவியல், கூட்டு அமர்வு என்று எழுதினார். பிறகு முதல் தடவையாக அந்தத் தாளில் பேனாவை எடுத்து, எழுதியதன் மேலேயே மறுபடி எழுதினார். அறிவிப்பை நான் அடித்துக் கொடுத்தேன். பலகையில் அவரே ஒட்டினார். துறைத்தலைவர்கள் யாரும் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்த பல விஷயங்களில் ஒன்று.

அந்தப் புதன்கிழமை ஒன்றே முக்காலுக்கே இருபத்தாறு பேரும் அரங்கில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா குற்றம் சாட்டப்பட்டவருக்கான நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர்கள் ஆறு பேரும் சரியாக இரண்டுக்கு வந்தார்கள், பத்து நிமிடம் தாமதம்கூட இல்லை, வகுப்புக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"யாரு இவங்கெல்லாம்?" என்றார் சட்டத் தலைவர்.

"உங்க மாணவங்க சார்" என்றார் அக்கா.

"இங்க விசாரணை நடக்கப்போகுது!"

"அத நாலு மணிக்கு மேல வச்சுக்கலாம் சார், நான் எங்கயும் ஓடிடமாட்டேன். ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் உங்களுக்கு கிளாஸ் போட்டிருக்கு. வேற வேலை இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க." ஆறு கடிதத்தின் நகலையும் மேஜையில் பரப்பினார்.

விசாரணை நடத்த வந்திருந்த பதிவாளர் ஒரு கடிதத்தை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். இரண்டு பேர் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அதற்குள் நர்ஸ் சுருளை விரித்துவிட்டாள். மூலைகள் சுருண்டுகொள்ளாமல் நாலு மாணவர்கள் நாலு கையை வைத்தார்கள். போகத் திரும்பிய மருத்துவத் தலைவரின் கண் அதில் விழுந்தது. விழுந்த கண் அங்கேயே நின்றது.

"இது எந்த மாசத்து எண்ணிக்கை?" என்றார்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். நர்ஸ் சொல்லச் சொல்லக் குனிந்து பார்த்தார். அந்தத் தெருக்களில் மருந்து அடிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்ததே தன் துறைதான் என்றார். நீர்வளத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இது எங்கள் புதுக் குழாய்த் திட்டத்தின் கடைசி முனை, நாலு நாளைக்கு ஒருமுறைதான் இங்கே தண்ணீர் வரும் என்றார். வராத மூன்று நாளைக்கு என்ன செய்கிறார்கள் என்று பணிமனைக்காரர் கேட்டார். டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். மூடாத டிரம்முக்கு அபராதம் என்று விதி எழுதிக் கொடுத்தது சட்டத் துறை. அபராதத்துக்குப் பயந்து ஜனங்கள் டிரம்மைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டார்கள், மருந்து அடிக்கிறவர்கள் வாசலோடு போய்விடுகிறார்கள். வீட்டில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் வைக்கிறீர்களா என்று சமூகவியல் துறை வீடு வீடாகக் கேட்டிருக்கிறது, எல்லோரும் இல்லை என்றிருக்கிறார்கள். அந்த 'இல்லை'யைப் புள்ளியியல் துறை கூட்டிச் சராசரி எடுத்து, சேமிப்புப் பிரச்சினை இல்லை என்று முடிவு சொல்லியிருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு கிடைக்கிறது, கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை என்று அதை வைத்துப் பொருளாதாரத் துறை எழுதியது.

ஆறு துறை, ஆறு அறிக்கை, ஒரே இருபத்து மூன்று தெரு. ஒருவர் அறிக்கையை இன்னொருவர் படித்ததில்லை. ஒவ்வொன்றும் அதன் அளவில் சரி. ஆறும் சேர்ந்துதான் அந்தக் காய்ச்சலை வளர்த்தன. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்த ஆறு அறிக்கையையும் டைப் அடித்தவன் நான். அதே தெருப் பெயர்களை ஆறு முறை அடித்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. இவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை என்று நினைத்தேன். இருந்தாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

"மூணு வருஷம்" என்றாள் நர்ஸ். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ரெண்டு மணி நேரம் உக்காந்தா தெரியற விஷயம். அந்த ரெண்டு மணி நேரம் கிடைக்க மூணு வருஷம்."

மணி நாலேகால் ஆகியிருந்தது. விசாரணையை ஞாபகப்படுத்தியதே அக்காதான். நாலு குற்றச்சாட்டையும் ஐந்து நிமிடத்தில் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பத்து அமர்வும் நடந்தன. வால்வு திறக்கிற நாட்களை மாற்றி அந்த முனைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போகச் செய்தார்கள். அபராதத்தை எடுத்துவிட்டு மூடி கொடுத்தார்கள். காய்ச்சல் அடியோடு போய்விட்டது என்று கதை விடமாட்டேன், குறைந்தது. அடுத்த மழைக்குக் குழந்தைகள் யாரும் சாகவில்லை என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஆறு தலைவர்களும் இதைப் பற்றி ஆறு கட்டுரை எழுதினார்கள். தனித்தனியாகத்தான்.

விசாரணையும் முடிந்தது. நாற்பதில் நாற்பதும் நிரூபணமானதாக முடிவு. அக்கா படித்தது உண்மைதான், ஆனால் படித்தது குற்றம். கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கும் விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. அந்த உத்தரவையும் நான்தான் அடித்தேன், வேறு யார்?

இந்த வருடம் படிப்பில் முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். துறைகளுக்கு மறுபடி படிவம் போனது. பேய் வகுப்புகள் நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து ஆகியிருந்தன, உஷாராகிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பழையபடி நேரம் இல்லை என்றது. இயக்குநர் இந்தத் தடவை அதை நம்பவில்லை, தலைவர்களிடம் ஒவ்வொருவராக நேரில் போய்க் கேட்டார். எல்லோரும் மனவருத்தம் தெரிவித்தார்கள். ஏழாவது வாரம் தொடங்கும்போது என் மேஜைக்கு வந்து, காலியாக இருந்த எதிர் மேஜையைப் பார்த்தபடி நின்றார்.

நான் கிடங்குக்கு இறங்கிப் போனேன். அக்கா விடைத்தாள் கட்டுகளை வருடவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். கையிலிருந்த கட்டைத் தரையில் போட்டார்.

"என்னை ஏன் கேக்கற? இருபது வருஷம் எதுத்தாப்ல உக்காந்திருந்த இல்ல? என் ரப்பர் தூள் அத்தனையும் உன் மேஜைலதானே விழுந்துச்சு? எல்லாக் கடிதாசும் உன் கை வழியாத்தானே போச்சு? இவங்க ஆறு பேரும் எப்ப ஒண்ணா உக்காருவாங்கன்னு உனக்குத் தெரியாது?"

தெரியும். மேலே ஏறி வந்தேன். பதிவாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்து என் மேலேயே ஒரு புகார் அடித்தேன். ஆறு துறைகளும் கொடுத்த ஐம்பத்தைந்து வகுப்பு விவரங்களும் பொய் என்று தெரிந்தே பதிவு செய்தேன், அந்தப் பட்டியலை மாணவர்களிடம் கொடுக்கவும் எண்ணியிருக்கிறேன் என்று பட்டியலை இணைத்து, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். இருபது வருடத்தில் நான் எனக்காக அடித்த முதல் கடிதம். ஓர் எழுத்துகூடத் தப்பு விழவில்லை.

பதிவாளர் விசாரணைக்கு நாள் கேட்டு எழுதிய மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆறு பேரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. புதன்கிழமை மதியம் எல்லோருக்கும் ஓய்வாம்.